நடுவில் வானம் தெரியும் விடுதி

நியூயார்க்கிலிருந்து பாஸ்டன் நோக்கிப் போகும் ஐ-95 நெடுஞ்சாலை, கனெடிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரைக் கடலோரமாகத் தொட்டுச் செல்கிறது. வடக்கே போகும் ஐ-91 சாலை அதிலிருந்து பிரியும் சந்திப்புக்குச் சற்று முன்னால், லாங் வார்ஃப் என்ற பகுதியில், தனியாக நிற்கிறது ஒரு கான்கிரீட் கட்டடம். கீழே இரண்டு மாடி. அதற்கு மேல் இரண்டு மாடி உயரத்துக்கு எதுவும் இல்லை. அந்தப் பக்கத்து வானம் தெரியும். அதற்கும் மேலே கனத்த கான்கிரீட் பெட்டியாக மறுபடியும் மாடிகள் தொடங்குகின்றன.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை அந்த வழியாக அழைத்துப் போனபோது, கார் சன்னல் வழியே பார்த்துவிட்டு, "ஏண்டி, நடுவுல ரெண்டு மாடியக் கட்டாமலே மேல போயிட்டாங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டடத்தின் கதை முழுவதும். இருபது ஆண்டுக்கு மேல் ஏறக்குறைய வெறுமையாகக் கிடந்து, இடிபடும் நிலைக்கு வந்து, 2022 மே மாதம் 165 அறைகள் கொண்ட 'ஹோட்டல் மார்செல்' ஆகத் திறக்கப்பட்ட கட்டடம் இது. அடுப்பு, வெந்நீர், துணி துவைத்து உலர்த்துவது, அறைச்சூடு எல்லாம் மின்சாரத்திலேயே நடக்கின்றன. விருந்தினருக்காக எரிவாயுவோ எண்ணெயோ எரிப்பதில்லை.

கட்டடங்களின் சூடு, குளிர், காற்றோட்டம் இம்மூன்றையும் வடிவமைப்பது என் தொழில். பழைய பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் மின்சாரமும் எரிபொருளும் எங்கே வீணாகின்றன என்று கணக்கெடுத்து, சரிசெய்ய வழி சொல்லும் வேலை. அதனால் இந்த விடுதியை நான் பார்ப்பது சுற்றுலாப் பயணியின் கண்ணால் அன்று. என் துறையில் பலரும் 'இதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்' என்று ஒதுக்கிவிடக்கூடிய ஒரு கட்டடம், புதிய கட்டடங்களுக்கே எட்டாத சிக்கனத்தை எட்டியது எப்படி என்பதைச் சாதாரண வாசகருக்கும் புரியும்படி சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மேயர் கேட்ட உயரம்

1960-களில் ஆம்ஸ்ட்ராங் ரப்பர் என்ற டயர் நிறுவனம் தன் தலைமை அலுவலகத்தை இங்கே அமைக்க விரும்பியது. அலுவலகம், ஆராய்ச்சிக்கூடம் எல்லாம் சேர்ந்தாலும் தாழ்வான ஒரு கட்டடமே அதற்குப் போதும். ஆனால் 1954 முதல் 16 ஆண்டுகள் நியூ ஹேவன் மேயராக இருந்த ரிச்சர்ட் லீ அதற்குச் சம்மதிக்கவில்லை. நெடுஞ்சாலையில் வருவோர் கண்ணில் படும் நுழைவாயில் நிலம் அது. அங்கே உயர்ந்த கட்டடம் ஒன்று எழ வேண்டும் என்பது அவர் கட்சி.

வடிவமைப்பு மார்செல் ப்ரூயரிடம் போயிற்று. ஹங்கேரியில் 1902-இல் பிறந்து, ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். வளைத்த எஃகுக் குழாயில் நாற்காலி செய்த முன்னோடி. பின்னாளில் பாரிஸ் யுனெஸ்கோ தலைமையகத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர். நிறுவனம் கேட்ட இடமும் மேயர் கேட்ட உயரமும் ஒத்துவராதபோது ப்ரூயரும் அவருடைய கூட்டாளி ராபர்ட் காட்ஜேயும் கண்ட வழி புதுமையானது. சத்தமும் அதிர்வும் உள்ள ஆராய்ச்சிக்கூடங்களைக் கீழே நீளமாகப் பரப்பினார்கள். நிர்வாக அலுவலகங்களைத் தூக்கி மேலே வைத்தார்கள். இரண்டுக்கும் நடுவே காலியிடம் விட்டார்கள். கீழ்ச்சத்தம் மேலே ஏறாது. நிறுவனம் பிற்காலத்தில் வளர்ந்தால் அந்த இடத்தில் மாடிகளை நிரப்பிக்கொள்ளலாம். மேயருக்கு வேண்டிய உயரமும் கிடைத்துவிடும். மேல் மாடிகள் உச்சியிலுள்ள பெரும் எஃகுச் சட்டங்களிலிருந்து ஊஞ்சல் போலத் தொங்குகின்றன. 1970-இல் கட்டடம் முடிந்தது.

முகப்பை அருகே போய்ப் பார்த்தால் இன்னொன்று புலப்படும். தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் பலகைகளில் சன்னல்கள் உள்ளடங்கி இருக்கின்றன. பலகையின் மடிப்புகள் நம் வீட்டுச் சன்ஷேடின் வேலையைச் செய்கின்றன. கோடை வெயில் உயரத்திலிருந்து விழும்போது கண்ணாடியில் நிழல் படிகிறது. அழகுக்கான புடைப்பு என்று பலரும் நினைப்பது, வெயிலைக் கணக்கிட்டுச் செய்த வேலை. இந்த ஒன்றே, அரை நூற்றாண்டு கழித்து வந்த பொறியாளர்களின் சுமையைக் குறைத்துக் கொடுத்தது என்பேன்.

கைவிடப்பட்ட காலம்

1988-இல் இத்தாலியின் பிரெல்லி டயர் நிறுவனம் ஆம்ஸ்ட்ராங்கை வாங்கியது. அதனால்தான் உள்ளூரில் பலருக்கு இது இன்னும் 'பிரெல்லி கட்டடம்'. பிறகு அவர்களும் வெளியேறினார்கள். 2000-களின் தொடக்கத்தில் நிலம் ஐகியா கைக்கு வந்தது. பக்கத்தில் பெரிய அறைகலன் கடை கட்டி, வண்டி நிறுத்தத்துக்காக, பின்னால் நீண்டிருந்த தாழ்வான ஆராய்ச்சிப் பகுதியின் பெரும்பங்கை இடித்தார்கள். பழைய கட்டடங்களைக் காக்கப் போராடுவோர் எதிர்த்தும் இடிப்பு நிற்கவில்லை. படுத்திருந்த கட்டடமும் எழுந்து நின்ற கட்டடமும் சேர்ந்ததே ப்ரூயரின் வடிவம். எஞ்சியது நின்ற பாதி மட்டும். சில காலம் அதன் மீது கடை விளம்பரத் துணி தொங்கியது.

அந்த ஆண்டுகளில் இதற்கு ஆதரவாகப் பேசியவர்கள் மிகக் குறைவு. புருட்டலிசம் என்று அழைக்கப்படும் இந்தக் கனத்த கான்கிரீட் பாணியை அமெரிக்காவில் பலரும் வெறுத்தார்கள். இதே நியூ ஹேவனில் 1972-இல் எழுந்த கொலீசியம் அரங்கத்தை 2007 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். வர்ஜீனியாவின் ரெஸ்டன் நகரில் ப்ரூயர் கட்டிய பத்திரிகை நிறுவனக் கட்டடம் 2016-இல் இடிபட்டது. லாங் ஐலண்டில் அவர் 1945-இல் கட்டிய கெல்லர் வீடு 2022 ஜனவரியில் தரைமட்டமானது. அதே ஆண்டு மே மாதம் ஹோட்டல் மார்செல் திறந்தது என்பதை எண்ணும்போதெல்லாம், எவ்வளவு மெல்லிய நூலில் இந்தக் கட்டடம் தப்பியது என்று எனக்குத் தோன்றும்.

தப்பவைத்தவர் ப்ரூஸ் பெக்கர். இவர் கட்டடக்கலைஞர், கட்டி நடத்தும் முதலாளியும் இவரே. நியூ ஹேவனின் 360 ஸ்டேட் ஸ்ட்ரீட் என்ற அடுக்ககம் இவர் கட்டியது. கொரோனா பரவுவதற்குச் சற்று முன் 12 லட்சம் டாலருக்கு இந்த வெற்றுக் கட்டடத்தை வாங்கினார். வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு, ஏறத்தாழ 5 கோடி டாலர், மாற்றி அமைக்கச் செலவாயிற்று. அறைகலனும் உள்ளலங்காரமும் டச் ஈஸ்ட் டிசைன் என்ற புரூக்ளின் நிறுவனத்தின் கைவண்ணம். ஹில்டன் குழுமத்தின் 'டேப்பஸ்ட்ரி' வரிசையில் விடுதி சேர்ந்தது.

முதலில் தேவை குறையட்டும்

'பசுமைக் கட்டடம்' என்றதும் பலருக்கும் கூரை மேல் சூரியத் தகடுதான் நினைவுக்கு வருகிறது. வாடிக்கையாளர்கள் என்னிடம் முதலில் கேட்பதும் அதைத்தான். நான் ஒவ்வொரு முறையும் அவர்களைச் சுவருக்கும் சன்னலுக்கும் திருப்புவேன். கசியும் கட்டடத்துக்கு எத்தனை தகடு பதித்தாலும் போதாது. இந்த விடுதியைச் செய்தவர்கள் வேலையின் வரிசையைச் சரியாகப் பிடித்தார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல் 'பாசிவ் ஹவுஸ்' எனப்படும் தரம். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991-இல் கட்டிய நான்கு வரிசை வீடுகளில் இது முதலில் நிரூபிக்கப்பட்டது. அதன் விதிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். சுவரும் கூரையும் வெப்பத்தை எளிதில் கடத்தக் கூடாது. சன்னல் தரமாக இருக்க வேண்டும். உள்ளிருந்து வெளியே இடைவிடாமல் ஓடும் கான்கிரீட்டோ எஃகோ வெப்பத்துக்குப் பாலமாகிவிடக் கூடாது. இடுக்குகளில் காற்று கசியக் கூடாது. நல்ல காற்றை இயந்திரம் வழியாக அளந்து உள்ளே விட வேண்டும். அப்போது வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும்.

பழைய கட்டடத்தில் இதில் கடினமானது சுவர். இந்தக் கட்டடம் 2021-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் சேர்ந்தது. அப்படிச் சேர்ந்த கட்டடத்தை விதிப்படி புதுப்பித்தால், தகுதியான செலவில் 20 சதவீதத்தை மத்திய அரசு வரியில் கழித்துக்கொள்ளலாம். வெளித்தோற்றம் மாறக் கூடாது என்பது அதற்கு நிபந்தனை. ஆகவே வெளியே வெப்பத்தடுப்பு போர்த்த முடியாது. உள்பக்கமாகவே கொடுத்தாக வேண்டும்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைக் கேட்டாலே ஒரு பயம் வரும். உள்பக்கம் தடுப்பு வைத்ததும் கான்கிரீட்டுக்கு அறையின் சூடு கிடைக்காது. நியூ ஹேவன் ஜனவரியில் அது உறைநிலைக்குக் கீழே போய்விடும். குளிக்கும் அறையின் ஈரக்காற்று ஏதோ ஓர் இடுக்கு வழியாக அந்தக் கான்கிரீட்டைத் தொட்டால் அங்கே வியர்க்கும், தண்ணீர் தங்கும், பூஞ்சை படரும். அதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கும். எனவே ஒவ்வொரு மூட்டையும், குழாய் நுழையும் ஒவ்வொரு துளையையும் அடைத்தே ஆக வேண்டும். அடைத்ததைச் சோதிக்க ஒரு முறை உண்டு. வாசலில் பெரிய விசிறியைப் பொருத்தி, கட்டடத்துக்கு உள்ளும் வெளியும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாடு வரும்வரை காற்றை ஓட்டி, எவ்வளவு கசிகிறது என்று அளப்பார்கள். புதிய கட்டடமானால் உள்ளிருக்கும் காற்றின் கொள்ளளவில் 0.6 பங்குக்கு மேல் ஒரு மணி நேரத்தில் கசியக் கூடாது என்பது பாசிவ் ஹவுஸ் விதி. பழையதை மாற்றும்போது சற்று விட்டுக்கொடுத்து, ஒரு முழுப் பங்குவரை ஏற்கிறார்கள். பழைய பள்ளிக்கூடங்களில் இந்த எண் எவ்வளவு உயரும் என்பதைக் கண்டவள் நான். எண்ணைக் குறைக்கத் தொழிலாளர்கள் கையில் பசைநாடாவோடு உத்தரத்தின் மூலைகளில் மணிக்கணக்கில் முட்டிபோட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கட்டடத்தின் சிக்கனம் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

சன்னல்களில் மூன்றடுக்குக் கண்ணாடி வந்தது. தோற்றம் பழைய சன்னலை ஒத்திருக்கும். இதன் பயனை நான் அங்கே தங்கிய இரவில் காதாலேயே உணர்ந்தேன். நெடுஞ்சாலையில் வரிசையாகப் போகும் லாரிகளை அறைக்குள்ளிருந்து பார்க்கிறேன், ஓசை வரவில்லை. வெப்பத்தைத் தடுக்கச் செய்த வேலை, இரண்டு நெடுஞ்சாலைகளின் இரைச்சலையும் தடுத்துவிட்டது. இந்த அமைதி இல்லாவிட்டால் இப்படியொரு இடத்தில் யாரும் தங்க வரமாட்டார்கள். விடுதி வியாபாரமும் மின்சிக்கனமும் ஒரே சன்னலில் கைகோத்துக்கொண்டன.

குறைந்த தேவைக்குக் குறைந்த இயந்திரம்

இவ்வளவும் செய்த பிறகே இயந்திரங்களின் முறை. அறைகளுக்குச் சூடும் குளிரும் தருவது வெப்பப் பம்பு. பெயர் புதிதாகத் தோன்றினாலும் நம் வீட்டு ஏசியின் தத்துவம்தான். ஏசி அறையின் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. இது குளிர்காலத்தில் திசையை மாற்றி, வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்து உள்ளே தருகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு முதல் நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கும், ஏனென்றால் இது வெப்பத்தை உண்டாக்கவில்லை, இடம் மாற்றுகிறது. குளிக்க வெந்நீரும் இதே வழியில். சமையலறையில் இண்டக்‌ஷன் அடுப்புகள்.

விளக்கு விஷயத்தில் இவர்கள் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. எல்ஈடி விளக்கு நேர்மின்னோட்டத்தில் எரியும். சுவரில் வருவதோ மாறுமின்னோட்டம். ஒவ்வொரு விளக்கிலும் ஒரு சிறிய மாற்றி உட்கார்ந்து, மாற்றும்போது கொஞ்சம் மின்சாரத்தைச் சூடாக வீணாக்குகிறது. சூரியத் தகடும் மின்கலமும் தருவதும் நேர்மின்னோட்டமே. அதை மாறுமின்னோட்டமாக்கி, விளக்குக்குள் மறுபடியும் நேர்மின்னோட்டமாக்குவது இரட்டை வீண். இந்த விடுதியில் கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் கம்பி வழியாகவே குறைந்த மின்னழுத்த நேர்மின்னோட்டம் விளக்குகளுக்கும் சன்னல் திரைகளுக்கும் போகிறது. எரிய, அணைய, மங்க வேண்டும் என்ற கட்டளையும் அதே கம்பியில். விளக்குச் செலவு 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்று விடுதிக்காரர்கள் சொல்கிறார்கள்.

கடைசியில்தான் சூரிய ஒளி. வண்டி நிறுத்தத்தின் மேல் பந்தலாகவும் கூரையிலுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட தகடுகள். வண்டிகளுக்கு அது நிழல், கட்டடத்துக்கு மின்சாரம். 1 மெகாவாட்-மணி, அதாவது ஆயிரம் யூனிட் சேமிக்கும் மின்கலத் தொகுதியும் இருக்கிறது. ஆண்டு முழுவதற்குமான கணக்கில், தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்குவது இலக்கு. திட்டக் கணக்குப்படி, ஒரு சதுர அடிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 10 யூனிட் மின்சாரமே தேவை. வழக்கமான அமெரிக்க விடுதியைவிட 80 சதவீதம் குறைவு என்பது அவர்கள் சொல்லும் ஒப்பீடு. தேவை இவ்வளவு இறங்கியதால்தான் ஆயிரம் தகடுகளை நம்பி இப்படியொரு இலக்கை வைக்கவே முடிந்தது.

பழையதை மதிக்கும் பழக்கம்

இந்த விடுதியில் எனக்கு நிறைவு தந்தது இயந்திரங்கள் மட்டும் இல்லை. மேல் மாடியில் நிறுவனத் தலைவர்கள் உட்கார்ந்த அறைகளின் மரப்பலகைச் சுவர்களை அப்படியே சீர்செய்து, பெரிய தங்கும் அறைகளாக்கியிருக்கிறார்கள். ப்ரூயர் 1928-இல் வடிவமைத்த, பிரம்பு பின்னிய 'செஸ்கா' நாற்காலிகள் அறைகளில் இருக்கின்றன. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அதே மனிதர் செய்த கான்கிரீட் மடிப்பு சன்னலுக்கு மேல் நிழல் போடுவதைப் பார்க்கலாம்.

ஊரில் உறவினர்களிடம் இதைச் சொன்னால், "அது குளிர் நாட்டுக் கதை, நமக்கு எதற்கு?" என்பார்கள். நியூ ஹேவனின் கோடையும் வியர்க்க வைக்கும் ஈரக்கோடைதான். வெப்பம் எப்போதும் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குப் போகும். அங்கே குளிர்காலத்தில் வெளியே ஓடுவது, வெயில் ஊரில் ஏசி அறைக்குள் ஓடி வரும். எங்கும் மாறாதது வேலையின் வரிசை: நிழல், கசிவடைப்பு, அளந்த காற்றோட்டம், பிறகு இயந்திரம், கடைசியில் சூரியத் தகடு. வெயில் ஊர்களில் காற்றின் ஈரத்தை இறக்கும் வேலை கூடுதலாகச் சேரும்.

எல்லாப் பழைய கட்டடங்களையும் காப்பாற்ற முடியும் என்று நான் சொல்லவில்லை. கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் உதிர்ந்தவை உண்டு. மாடி உயரம் போதாதவை உண்டு. செலவுக்குக் கை கொடுக்க எந்த வரிச்சலுகையும் இல்லாத நகரங்கள் உண்டு. ஆனால் இடிக்கும் முடிவைப் பலர் கணக்கே போடாமல் எடுக்கிறார்கள். சிமெண்ட் ஒரு டன் செய்யும்போது 600 முதல் 900 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. உலகின் மொத்தக் கரியமில வாயு உமிழ்வில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமெண்டால் வருகிறது. பழைய கட்டடத்தின் கான்கிரீட்டுக்கும் எஃகுக்கும் அந்த விலையை நாம் முன்பே கொடுத்துவிட்டோம். இடித்தால் அது மண்ணாகும். புதிதாகக் கட்டினால் மறுபடியும் கொடுக்க வேண்டும். புதிய கட்டடம் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் அந்தக் கடனை அடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். புவி வெப்பத்தைக் குறைக்க நமக்கிருப்பதோ அதே ஆண்டுகள்தான்.

ஆகவே உங்கள் ஊரில் ஒரு பழைய அலுவலகத்தையோ மருத்துவமனையையோ இடிக்கலாம் என்று பேச்சு எழுந்தால், மூன்று கேள்விகளை அழுத்தமாகக் கேளுங்கள். எலும்புக்கூடு உறுதியாக இருக்கிறதா என்று யாராவது சோதித்தார்களா? இடிப்பதற்கும் மறுபடி கட்டுவதற்கும் ஆகும் சிமெண்டையும் எஃகையும் செலவுக் கணக்கில் சேர்த்தார்களா? அதை வடிவமைத்தவர் வெயிலுக்கும் காற்றுக்கும் எதிர்கால மாற்றத்துக்கும் என்ன ஏற்பாடு செய்து வைத்தார் என்று வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தார்களா? நியூ ஹேவனில் இந்தக் கணக்கை ஒருவர் பொறுமையாகப் போட்டார்; அசிங்கம் என்று ஊர் முகம் சுளித்த கட்டடத்துக்கு வேலை கிடைத்தது. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த பொறியாளர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறோம். புல்டோசருக்குத் தேதி குறிப்பதற்கு முன்னால் எங்களைக் கூப்பிடுங்கள்.